கண்ணாடிப் பெட்டியில் ஒரு போன், கீழ்த்தட்டில் முப்பது

போன் விற்பவனுக்கு முதலில் வேண்டியது நாக்கு. போனைப் பற்றிய அறிவு மெதுவாக, ஷட்டரை இறக்குவதற்குள் வந்து சேர்ந்தால் போதும். இதை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பன்னிரண்டாயிரத்தை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் போய், நாற்பதாயிரத்துக்குத் தவணை போட்டுக்கொண்டு, என்ன நடந்தது என்றே புரியாமல் வெயிலில் வந்து நின்றிருப்பீர்களே, அன்றைக்கு கவுண்டருக்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

நான் தங்கவயல்காரன். சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டை ஓட்டியவன். எவ்வளவு ஆழம் என்று கேட்காதீர்கள். மேலே வழவழவென்று சவரம் செய்துகொண்டு ஏறியவன், அடியில் போய் இறங்கும்போது தாடியோடு இறங்குவான். சுரங்கத்தை மூடிய பிறகு பெங்களூருக்கு வந்து எங்கெங்கோ வாட்ச்மேன் வேலை பார்த்தேன். கடைசியில் ஜோகுபாளையத்தில் என் மருமகன் பாஸ்கர் நடத்தும் போன் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடைத்தது. சம்பளம் என்று பார்த்தால் மூன்று வேளை டீதான். ஆனால் என் பேச்சைக் கேட்க ஆட்கள் தாங்களாகவே நடந்து வருகிறார்கள். புளுகனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மருமகன் வைத்த கெடு

சுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது மருமகன் ஒரு போனைக் கொண்டுவந்தார். கம்பெனியிலேயே அதுதான் உச்சம். அந்த விலைக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கி, மிச்சத்தில் பெட்ரோலும் போட்டுக்கொண்டு திருவண்ணாமலை வரைக்கும் போய்வரலாம். அதற்கென்று ஒரு கண்ணாடிப் பெட்டி, அடியில் நீல வெல்வெட், மேலே குட்டி விளக்கு. பட்ஜெட் போன்கள் முப்பதும் கீழ்த்தட்டில் இட்லி மாதிரி அடுக்கிக் கிடந்தன. “டப்பா சீலை உடைச்சுக் கையில குடுத்தாத்தான் ஜனம் மயங்கும்” என்று சொல்லி, புது போனைப் பிரித்தும் வைத்துவிட்டார். ஜனம் மயங்கியது. கையில் வாங்கிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, கீழ்த்தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போனது.

ஒரு மாதம் பார்த்தார். என் மகன் வைட்ஃபீல்டில் பதினாலாவது மாடியில் இருக்கிறான். அவனும் மருமகளும் காலையில் ஆபீசுக்குக் கிளம்பினால் வீட்டில் ஈ, காக்கை கிடையாது. பேச்சுத் துணைக்கு லிஃப்ட் ஒன்றுதான். அதுவும் மாடி நம்பரைச் சொல்லுமே தவிர, நாம் சொல்வதைக் கேட்காது. இதெல்லாம் தெரிந்துதான் மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஆயுத பூஜைக்குள்ள இந்தப் பெட்டி காலியாகணும் மாமா. இல்லன்னா அந்த நாற்காலியில வேற ஆளப் போடறேன், நீங்க வைட்ஃபீல்டுக்குக் கிளம்புங்க.”

முப்பத்தாறு கட்டங்கள்

கெடு வைத்த வாரமே ஒரு ஐ.டி. பையன் வந்தான். சேலத்துப் பக்கத்துக்காரன், கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. லேப்டாப்பைக் கவுண்டர்மேல் விரித்தான். அதில் ஒரு அட்டவணை, எண்ணிப் பார்த்தேன், முப்பத்தாறு கட்டம். பேட்டரி, எடை, திரை வெளிச்சம், எந்தப் போன் எத்தனை டிகிரி சூடாகும் என்பதுவரை எழுதி வைத்திருந்தான். என் கல்யாணத்துக்குப் பெண் பார்த்தபோது எங்கள் வீட்டில் கேட்டது இரண்டே கேள்வி.

விடுவேனா? பெட்டியைத் திறந்து போனை அவன் கையில் கொடுத்தேன். “தம்பி, இதுல அல்சூர் ஏரியைக் கரையில நின்னு ஒரு போட்டோ எடுத்தேன். பெருசாக்கிப் பார்த்தா தண்ணிக்கு அடியில மீனு கண்ணை மூடிப் படுத்திருக்கு” என்றேன். மீனுக்கு இமை இல்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை. ‘நைட் மோடா’ என்று கேட்டு ஒரு கட்டத்தை நிரப்பினான். முக்கால் மணி நேரம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், காதில் வைத்தான், பேண்ட் பையில் போட்டு நடந்தான். இரண்டு டீ நம் கணக்கில். கடைசியில் போனைத் துடைத்து வெல்வெட்டின்மேல் பத்திரமாக வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினான். “தேங்க்ஸ் சார். ஆன்லைன்ல நேத்தே ஆர்டர் போட்டுட்டேன், கையில புடிச்சா எப்படி இருக்கும்னு ஒரு சின்ன டவுட் இருந்துச்சு.”

மூன்று கண் ஸ்டிக்கர்

அடுத்து வந்தவர் வீட்டுமனை புரோக்கர். வெள்ளைச் சட்டை, தங்கப் பிரேம் கண்ணாடி, நாலு விரலில் மோதிரம். இவர்தான் என் நாற்காலியைக் காப்பாற்றப் பிறந்தவர் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அவர் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் குனிந்து, போனின் முதுகை மட்டும் பத்து நிமிஷம் ஆராய்ந்தார். பிறகு கீழ்த்தட்டில் இருப்பதிலேயே சல்லிசானதை எடுக்கச் சொன்னார். அதன் முதுகில் ஒட்ட, மூன்று பெரிய கேமரா இருப்பதுபோல ஸ்டிக்கர் இருக்கிறதா என்று கேட்டார்.

இருக்கிறது ஐயா, இந்த ஊரில் எல்லாம் இருக்கிறது. கடையின் மூலையில் ரிப்பேர் மேசை போட்டிருக்கும் இம்தியாஸ், டிராயரிலிருந்து ஒன்றை எடுத்துக் குமிழி வராமல் ஒட்டிக் கொடுத்தான். மனசு கேட்காமல் நான், “ஸ்டிக்கர்ல போட்டோ விழாதுங்களே” என்றேன். புரோக்கர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “போட்டோ எடுக்கவா கேமரா? நான் காதுல வெச்சுப் பேசும்போது எதிர்ல நிக்கிற பார்ட்டி பார்க்கறதுக்கு.”

ரேகை இல்லாத கட்டைவிரல்

பீன்யாவில் லேத் ஓட்டும் முருகேசன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். பத்தாயிரத்துக்குள் ஒன்று என்றார். பத்தாயிரத்துக்காரரைக் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திருப்புவதுதானே என் உத்தியோகம்? “கட்டைவிரலை வெச்சா போதும் அண்ணே, எசமான் வந்துட்டாருன்னு எழுந்து நிக்கும்” என்று அவர் விரலைப் பதிவு செய்யப் போனேன். போன் ‘மறுபடி வையுங்கள்’ என்றது. வைத்தார். விரலைத் துடைக்கச் சொன்னது. துடைத்தார். வேறு விரல் கேட்டது. பத்து விரலும் ஆயிற்று. கால் விரலைக் கேட்பதற்குள் நானே நிறுத்திவிட்டேன்.

இருபது வருஷமாக இரும்பைப் பிடித்த விரல். ரேகை தேய்ந்து, தளத்துக்குப் போட்ட சிமெண்ட் மாதிரி வழவழவென்று இருந்தது. ரேஷன் கடையிலும் இதே கதைதானாம். கீழ்த்தட்டுப் போனிலும் வைத்துப் பார்த்தார். அதுவும் உதட்டைப் பிதுக்கியது. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அவ்ளோ விலைக்கு இருக்கறதுக்கே என்னைத் தெரியலை, பாவம் இந்தப் பத்தாயிரத்தைக் கோவிச்சு என்ன பண்றது? இதையே பில் போடுங்க சார்.”

சட்டைப்பை மணி அடித்தது

ஆயுத பூஜைக்கு இரண்டே நாள். கல்யாணம் நிச்சயமான ஒரு கன்னடத்து ஜோடி வந்தது. மாப்பிள்ளைப் பையனுக்கு அந்தப் போன்மேல் ஆசை, பெண்ணுக்கு அந்த விலைமேல் சந்தேகம். நான் சுரங்கத்தையே இழுத்துக்கொண்டு வந்தேன். “இந்த போனைச் சுரங்கத்தோட அடி ஆழத்துக்கு எடுத்துட்டுப் போனேன். அங்கயும் முழு சிக்னல். மேல இருந்து எம்பொண்டாட்டி, ரசம் ஆறுது வான்னு கூப்பிட்டா” என்றேன். சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்குமேல் ஆகிறது. அந்தப் போன் பிறந்து எட்டு மாதம். பையன் கார்டை வெளியே எடுத்துவிட்டான்.

அப்போது என் சட்டைப்பை அலறியது. என் போன் கீழ்த்தட்டு ஜாதியிலும் கடைசி. பின்மூடி விழாமல் இருக்க ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன். ஆனால் மணி அடித்தால் ரயிலே நிற்கும். எடுத்தால், என் மகள் செல்வி. அவள் போனின் திரை நாலு வருஷமாகச் சிலந்தி வலை. ஸ்பீக்கரில் போட்டால்தான் குரலே கேட்கும். “அப்பா, கேக்குதா? அப்பா, கேக்குதா?” என்று எட்டு முறை கத்தினாள். போன் கடை முதலாளியின் பெண்டாட்டி போன் அது! புதுசு கேட்கும் போதெல்லாம் மருமகன் ‘நல்ல ஆஃபர் வரட்டும்’ என்பார். இதையெல்லாம் நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டிருக்க, எதிரே நின்ற கல்யாணப் பெண் ரப்பர் பேண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷமாக வைத்திருக்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டாள். ஆறு என்று வாய் தவறி உண்மை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரு முறை உண்மை பேசினேன், அதற்குக் கிடைத்த கூலியைப் பாருங்கள். அதையே எங்களுக்கும் கொடுங்கள் என்று அவள் பாஷையில் சொன்னாள்: “அதே கொடி தாத்தா!”

பூஜைக்கு நின்ற போன்கள்

ஆயுத பூஜையன்று இந்த ஊரில் பஸ்ஸுக்கு வாழைமரம் கட்டுவார்கள், கம்ப்யூட்டருக்குக் குங்குமம் வைப்பார்கள். எங்கள் கடையில் பூஜைப் பொறுப்பு எனக்கு. தங்கவயலில் நாங்கள் பூஜை போடும் விதமே வேறு. ஆளை இறக்கும் கூண்டுக்குச் சந்தனம் வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. நானூறு உயிர் அதில் தொங்குகிறது. பலகை, பூட்டு, இரும்புக்கயிறு ஒன்றைக்கூட விடாமல் அப்புவோம். அந்தக் கைப்பழக்கம் எனக்கு. இம்தியாஸின் ஸ்க்ரூ டிரைவர்கள், பில் மெஷின், விற்க விற்க நிரப்பிய கீழ்த்தட்டு முப்பது, எல்லாவற்றுக்கும் தாராளமாக வைத்தேன். கடைசியில் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தேன். அதற்கு வாகாக மூன்று கேமரா. மூன்றிலும் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். கீழே சார்ஜர் துளை, பக்கத்தில் ஸ்பீக்கர் துளைகள். சாமிக்குக் குறை வைப்பானேன் என்று அங்கேயும். பூசணிக்காயை உடைத்துவிட்டு வந்து பார்த்தால், கீழ்த்தட்டு முப்பதும் துடைத்தவுடன் எழுந்து உட்கார்ந்தன. அவற்றுக்குத் துளைகளை மூடி ரப்பர் கவர் போட்டிருந்தார்கள். மகாராஜா மட்டும் சார்ஜ் ஏறாமல், குரல் கம்மி, மூன்று கண்ணிலும் செவ்வரி ஓடக் கிடந்தார்.

மருமகனுக்கு முகம் பூசணிக்காய்போலவே சிதறியது. “தண்ணி புகாத போன்னு சொல்லித்தானே வாங்கினேன்!” என்று கத்தினார். இம்தியாஸ் ஊசியால் சந்தனத்தை நோண்டிக்கொண்டே நிமிராமல் சொன்னான்: “அச்சா பாய், தண்ணி போகாதுன்னுதான் டப்பாவுல எழுதியிருக்கான். சந்தனம் போகாதுன்னு எங்க எழுதியிருக்கான்?”

பெட்டி காலி

துளைகளைச் சுத்தம் செய்து போனுக்கு உயிர் கொடுத்துவிட்டான் இம்தியாஸ். ஆனால் கேமரா வளையங்களில் ஏறிய சிவப்பு போகவில்லை. இனி அதைப் புதுசு என்று யாரிடம் விற்பது? என் புளுகே கூசியது. மருமகன் என் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் சாத்தினார். வைட்ஃபீல்டுக்கு எந்த மெட்ரோ என்று நான் யோசிக்க ஆரம்பித்தேன். லிஃப்டுக்கு என்ன கதை சொல்வது என்றும்.

அப்போதுதான் செல்வி பொரியும் சுண்டலும் எடுத்துக்கொண்டு வந்தாள். சாத்திய நாற்காலியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், போனைக் கையில் எடுத்தாள். “ஏங்க, சாமி முன்னால வெச்சு சந்தனம் குங்குமம் இட்டதை வெளியாளுக்கு விப்பாங்களா? வீட்டுப் பொருளாயிடுச்சு” என்றாள். பூஜை நாளில் அதற்கு எதிராக மருமகனால் என்ன பேச முடியும்? அவள் தன் சிலந்தி வலைப் போனிலிருந்து சிம்மைக் கழற்றி அதில் போட்டாள். நாற்காலியை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள். “பெட்டி காலியாயிடுச்சுல்ல? எங்க அப்பா வித்துட்டாருன்னு எழுதிக்குங்க, வாங்கினது நான்.”

சந்தனத்தை அத்தனை நீர்க்க ஏன் கரைத்தாய் சாச்சா என்று இம்தியாஸ் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான், எனக்குக் காது மந்தம்; உங்களுக்கோ பட்ஜெட்டா உச்சமா என்ற குழப்பம் தீரவில்லையென்றால் கடைக்காரன் சொல்வதைக் கேட்காமல் அவன் பெண்டாட்டி கையில் என்ன போன் இருக்கிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள், அதை எப்படி வாங்கினாள் என்று கேட்காதீர்கள்.