திருப்பிப் போட்ட அட்டை

எங்கள் சர்ச்சில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் பைபிள் வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்கள். கையில் வருவதுதான் அந்த வருஷத்துக்கு நமக்கான வசனம். போன வருஷம் நான் எடுத்ததில் முதல் சொல்லே 'ஆபத்தில்' என்று இருந்தது. பயந்துபோய் அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தேன். ஆசீர்வாதம் என்று வந்தது. நிம்மதியாகப் பொழிச்சலூர் வீட்டுக்கு வந்து பீரோவில் ஒட்டினேன்.

மார்ச்சில், எலெக்ட்ரீஷியனான என் கணவர் ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. தாம்பரத்தில் ஆபரேஷன். நான்கு மாதம் படுக்கை. அட்டையைக் கிழித்துப் போட்டேன். சர்ச்சுக்குப் போவதையும் ஜெபத்தையும் விட்டுவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் ஸ்டெல்லா அக்கா பார்க்க வந்தார். புத்தாண்டன்று சர்ச்சில் எனக்கு அடுத்து நின்றவர். பைபிளிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

"இது எனக்கு வந்துச்சும்மா. இப்ப உனக்குத்தான் வேணும், வெச்சுக்கோ."

நான் திருப்பிப் போட்ட அதே அட்டை. மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அக்கா திட்டவில்லை.

"முழுசா படிச்சியா?" என்று மட்டும் கேட்டார்.

அப்போதுதான் படித்தேன். ஆபத்தில் உன்னோடு இருப்பேன் என்று இருந்தது.

அக்கா போனதும் ஜெபம் செய்தேன். என் கணவரைச் சீக்கிரம் நடக்க வையும் என்று கேட்கவில்லை. கூட இரும் ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

அவர் இப்போது கைத்தடியோடு நடக்கிறார். இந்தப் புத்தாண்டிலும் தட்டு வந்தது. ஓர் அட்டையை எடுத்தேன். தட்டு அடுத்த வரிசைக்குப் போன பிறகுதான் திருப்பிப் பார்த்தேன்.