தொண்டிக் கடற்கரையில் இரண்டு அடுப்பு

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை, விடிவதற்கு முன்பே தேவகோட்டையிலிருந்து இரண்டு மாட்டு வண்டிகள் கிழக்கே கிளம்பின. ஒன்று எங்கள் வீட்டுக் கூண்டு வண்டி. மற்றது நாளொன்றுக்கு ஒன்றேகால் ரூபாய் வாடகைக்குப் பிடித்தது. தொண்டி இருபது மைலுக்குச் சற்று மேல். அங்கே கூடாரம் அடித்துத் தங்கி, பிள்ளைகளுக்குக் கடல் காட்டுவதாக ஏற்பாடு. சாமான் ஏறுவதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரர், "வீட்டையே காலி பண்ணிட்டுப் போறீகளா?" என்று கேட்டார்.

கடல் காட்டுவது ஊருக்குச் சொன்ன காரணம். பங்குனியில் நான் பினாங்குக்குக் கப்பலேற வேண்டும். திரும்ப மூன்று வருஷமாகும். என் மனைவி உமையாளும், ஏழு வயது மகள் வள்ளியும், நாலு வயது மகன் சாத்தப்பனும் அண்ணன் குடும்பத்தோடு ஒரே வீட்டில்தான் இருப்பார்கள். ஆனால் உமையாளுக்கும் அண்ணமிண்டிக்கும் ஆவணியிலிருந்து பேச்சில்லை. அண்ணன் மனைவியை நாங்கள் அண்ணமிண்டி என்போம். முற்றத்து வெயிலில் யார் எந்தப் பக்கம் வற்றல் காயப்போடுவது என்பதுதான் வழக்கு. கேட்டால் சிரிப்பு வரும்; வீட்டுக்குள் இருப்பவனுக்கு வராது. நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் உமையாள் அவரைக் கூப்பிடுவாளா? அந்தக் கவலை என்னைத் தூங்கவிடவில்லை. நாலு நாள் ஒரே மரத்தடியில் கிடந்தால் பேசிக்கொள்ளமாட்டார்களா என்று பார்த்தேன்.

போகும்போது உமையாள் ஒரு வண்டி, அண்ணமிண்டி ஒரு வண்டி. அண்ணனும் நானும் பெரும்பாலும் நடந்தோம். எங்கள் பிள்ளைகளும் அண்ணன் பிள்ளைகளும் இறங்கி ஓடி வந்தார்கள். வழியெல்லாம் அறுவடை முடிந்த வயல், கண்மாய்க் கரை, பனை. அன்றிரவு திருவாடானைச் சத்திரத்தில் தங்கினோம்.

சனிக்கிழமை காலை பத்து மணி சுமாருக்குத் தொண்டிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் வண்டிகளை அவிழ்த்தோம். ஜமுக்காளங்களை மரத்துக்கு மரம் கட்டிக் கூடாரம் ஆக்கினோம். எதிரே கடல். சென்னையில் நான் பார்த்த கடல் வேறு, இது வேறு. அலை என்று சொல்ல ஒன்றுமில்லை. கரையோரம் தண்ணீர் லேசாக அசைகிறது, அவ்வளவுதான். பிடி மணலை அள்ளினால் அதில் பாதி சிப்பித் தூள். விரல்நகம் அளவு நண்டுகள் நம் நிழல் பட்டதும் வளைக்குள் மறைகின்றன. "அக்கரை எங்குட்டு இருக்கு, அப்பச்சி?" என்று வள்ளி என்னைக் கேட்டாள். பினாங்கு என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

அதற்குள் சாத்தப்பன் தண்ணீரில் இறங்கிவிட்டான். எங்கள் ஊரில் குடிதண்ணீர் ஊருணியிலிருந்து வருகிறது. அமைதியாகக் கிடக்கும் தண்ணீர் என்றால் அவனுக்கு ஊருணிதான். இரண்டு கையாலும் அள்ளி மடமடவென்று குடித்தான். அடுத்த கணம் வாந்தி, இருமல், அலறல். பக்கத்தில் நின்ற அண்ணமிண்டி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "தண்ணி, தண்ணி!" என்றார்.

தண்ணீர் இல்லை.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். கல்யாணமான மகனுக்கு அதே வீட்டில் தனி அடுப்பு வைத்துக் கொடுப்பது எங்கள் முறை. அரிசி, புளி, விறகு எல்லாம் அவரவருக்கு. அப்படியே இங்கும் இரண்டு அம்மி, இரண்டு அரிவாள்மணை, இரண்டு உப்புச் சாடி வந்திருந்தன. தண்ணீர் ஒன்றுதான் வீட்டில் பொது. பொதுச் சாமானை யாரும் கட்டவில்லை. வழிக்கு எடுத்த கூஜாக்களைப் பிள்ளைகள் எப்போதோ காலி செய்துவிட்டார்கள்.

அண்ணன் ஒரு தவலையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்கார ராவுத்தர் வீட்டுக்கு ஓடினார். ராவுத்தரே கூடவந்து எங்கள் சாமானைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு அம்மி கொண்டாந்திருக்கீக, ஒரு கொடம் தண்ணி கொண்டாரலையா?" என்றார். அவர் வீட்டுக் கிணறும் வற்றிக் கிடந்ததால் சாயங்காலம் ஊறும்வரை அவர் கொடுத்த அந்த ஒரு தவலைத் தண்ணீர்தான்.

சாத்தப்பன் முதலில் குடித்தான், பிறகு மற்றப் பிள்ளைகள். மிச்சம் ஒரு உலைக்கும் ஒரு குழம்புக்கும்தான் காணும். இரண்டு பெண்களும் தவலையைப் பார்த்தார்கள். அண்ணனும் நானும் கடலைப் பார்த்தோம். சாத்தப்பன் இன்னும் பெரியாத்தாளான அண்ணமிண்டியின் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

"உமையா, ஒம் பானைய எடு. என்னுது பெருசு, தண்ணி பத்தாது" என்றார் அண்ணமிண்டி.

ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த பேச்சு இது. உமையாள் தன் பானையை எடுத்து வந்தாள். "அரிசி நீங்க போடுங்க ஆச்சி. எங்க அரிசி பழசு, வேக நேரமாகும்" என்றாள்.

ஒரே அடுப்பு எரிந்தது. குழம்பும் கொதித்தது. உமையாள் உப்புப் போட்டாள். அவள் விறகு பொறுக்கப் போனபோது அண்ணமிண்டியும் போட்டார். ஒருவர் குழம்புக்கு இன்னொருவர் உப்புப் போட்டுப் பழக்கமே இல்லாதவர்கள்! முதல் கவளத்திலேயே வள்ளி முகத்தைச் சுளித்து, "இதுவும் கடல் தண்ணியா ஆத்தா?" என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அண்ணமிண்டிக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. பிறகு உமையாள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். உப்புக் குழம்பைத் தின்றவர்களுக்குத் தாகம் எடுக்காதா? அண்ணன் மறுபடியும் தவலையோடு கிளம்பினார், இந்தத் தடவை தொண்டிக்கே.

ஞாயிறும் திங்களும் பிள்ளைகளோடு கரையோரமாக வெகுதூரம் நடந்தோம். வலை உலர்த்தும் மேடு, பாய்மரம் சாய்த்துக் கிடந்த தோணிகள், ஒற்றைக் காலில் நிற்கும் கொக்குகள் எல்லாம் பார்த்தோம். சமையல் எந்த வேளைக்கு யார் அடுப்பில் என்று பெண்களே பேசி வைத்துக்கொண்டார்கள். நாங்கள் கேட்கவில்லை. வீட்டுக்குப் போனால் இரண்டு அடுப்பும் தனியாகத்தான் எரியும். அந்த முறையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடியற்காலம் வண்டி பூட்டினோம். பெண்களும் பிள்ளைகளும் ஒரு வண்டியில் நெருக்கி ஏறிக்கொண்டார்கள். எங்களுக்கு அம்மிகள் இருந்த வண்டி. கிளம்புகிற நேரத்தில், மகனை மடியில் வைத்துக்கொண்டு போகலாம் என்று ஆசையாக இருந்தது. இன்னும் எத்தனை நாள் அவனோடு? போய்க் கைநீட்டிக் கூப்பிட்டேன். அவன் பெரியாத்தாள் மடியில் இன்னும் நன்றாகச் சாய்ந்துகொண்டான். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இவ்வளவு தூரம் வண்டி கட்டினேன். கண்ட பிறகும் ஏனோ நீட்டிய கையை நான் மடக்கவில்லை.

"நீங்க போங்க அப்பச்சி" என்றான். "நான் இவுகளோட இருக்கேன்."