மோட்டாரின் கண்ணில் படுவதற்காக

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் அம்மை குத்துவதுதான் அன்றைக்கு என் உத்தியோகம். சர்க்கார் கொடுத்த தோல்பையில் ஊசியும் அம்மைப்பால் அடைத்த கண்ணாடிக் குழல்களும் இருக்கும். பையைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, காக்கிக் கோட்டும் காக்கி நிஜாருமாகக் கிளம்புவேன். நான் வருவது தெரிந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். குழந்தைகளை நெல் கொட்டிவைக்கும் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவார்கள். மாரியம்மன் விளையாட வருவதை ஊசி போட்டுத் தடுக்கிறவன் என்று என்மேல் கோபம். ஊருக்குள் இப்படி எல்லோர் கண்ணிலும் பட்ட நான், சாலையில் ஒரே ஒரு மோட்டாரின் கண்ணில் மட்டும் படவேயில்லை.

மாட்டு வண்டிக்காரர்களுக்கு நான் தெரிந்தேன். எப்போதாவது வரும் பஸ்ஸுக்கும் தெரிந்தேன். தெரியாமல் போனது கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு முதலாளியின் காருக்குத்தான். முதல் தடவை அது பின்னாலிருந்து இடித்து என்னை வயலுக்குள் தள்ளியது. சைக்கிளோடு சேற்றில் கிடந்தேன். நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஓடிவந்தார்கள். தூக்கிவிட வருகிறார்கள் என்று நினைத்துக் கையை நீட்டினேன். நட்ட நாற்றையெல்லாம் நாசமாக்கிவிட்டேன் என்று திட்டத்தான் வந்திருந்தார்கள். அதற்குள் மோட்டார் அனுமந்தன்பட்டியைத் தாண்டியிருக்கும்.

இரண்டாவது தடவை வண்டி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். கூடலூர்க்காரர், நல்ல மனிதர். என்னைத் தூக்கி நிறுத்தி என் கோட்டில் இருந்த புழுதியைத் தட்டிவிட்டார். எவ்வளவு தட்டியும் நிறம் மாறவில்லை. தட்டுவதை நிறுத்திவிட்டு என்னையும் சாலையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. நீங்களும் ரோடும் ஒரே கலரா இருக்கீக. ரோடு கொஞ்சம் அசையுதேன்னுதான் நெனச்சேன்."

"ரோடு அசைஞ்சா வண்டிய நிறுத்த வேணாமா?"

"அசையுற ரோட்டுல எப்படிங்கய்யா நிறுத்துறது? அதான் வெரசாத் தாண்டிரலாம்னு அமுக்கினேன்."

பின் ஸீட்டில் இருந்த முதலாளியும் இறங்கினார். முதலில் மட்கார்டைத் தடவிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் பேச்சில் உண்மையான அக்கறை இருந்தது.

"நீங்க சர்க்கார் ஆளு. உங்கள இடிச்சா எங்களுக்கு வம்பு. நீங்க செத்துப்போனா அதவிட வம்பு. கண்ணுக்குத் தெரியுற மாதிரி ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்கங்க."

ஏற்பாடு செய்து பார்த்தேன். சைக்கிளுக்கு இன்னொரு மணி வாங்கி மாட்டினேன். மோட்டார் போட்ட சத்தத்தில் இரண்டு மணியும் எனக்கே கேட்கவில்லை. வெள்ளைச் சட்டை போட்டேன். வெள்ளையாகக் கிளம்பிய சட்டை மூன்றாவது மைலுக்குள் சாலையாகிவிட்டது. ஒரு குச்சியில் சிவப்புத் துணியைக் கட்டிப் பின்னால் செருகிக்கொண்டேன். அனுமந்தன்பட்டியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, எந்தக் கட்சி என்று கேட்டார். கட்சி இல்லை, மோட்டார் இடிக்காமல் இருக்க என்றேன். மோட்டாருக்கு எதிராகக் கட்சி தொடங்கியிருப்பது தனக்குத் தெரியாதே என்று சொல்லித் துணியை அவிழ்த்து வைத்துக்கொண்டார்.

என் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். பழைய வெள்ளைச் சட்டைகளை அரைத்த மஞ்சளில் முக்கிக் காயப்போட்டாள். காய்ந்ததும் ஒன்றை எனக்கு மாட்டிவிட்டு, "அங்கன தெருக்கோடியில போயி நில்லுங்க" என்றாள். நின்றேன். இன்னும் தள்ளிப் போகச் சொன்னாள். தள்ளிப் போய்த் தோப்பின் ஓரத்தில் நின்றேன். வாசலில் இருந்தபடியே கையைக் குவித்துக் கத்தினாள்.

"நல்லாத் தெரியுறீக. இனி அவுகளுக்குக் கண்ணே இல்லேன்னாலும் தெரிவீக."

மறுநாள் கம்பம் சாலையில் எதிரே மோட்டார் வந்தது. தூரத்திலேயே வேகம் குறைந்தது. எனக்காக அது இடது பக்கம் ஒதுங்கி, மெதுவாக என்னைக் கடந்து போனது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சைக்கிள் மிதிக்கிறவனுக்கு எப்போதுமே பாவுவதில்லை என்றாலும், அன்றைக்கு அதை உணர்ந்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடு காமயகவுண்டன்பட்டிக்குள் நுழைந்தேன். கதவுகள் சாத்தும் சத்தம் கேட்கவில்லை. தண்ணீர்க் குடத்தோடு எதிரே வந்த ஒரு பெண் என்னைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவைத்துக் கும்பிட்டாள். மஞ்சள் உடுத்திக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவன் என்று நினைத்துவிட்டாள் என்பது எனக்குப் புரிய நேரமாகவில்லை. சட்டென்று சைக்கிளை விட்டு இறங்கினேன்.

"நான் அம்மை விசயமா வந்திருக்கேம்மா."

"தெரியுது சாமி."

"அம்மை குத்துறவன் நானு. போன மாசங்கூடக் காக்கி போட்டு வந்தேனே."

"அப்ப ஆத்தா உத்தரவு கெடைக்கல. இப்பக் கெடச்சிருச்சு" என்று சொல்லி, குடத்துத் தண்ணீர் முழுவதையும் என் காலில் ஊற்றினாள்.

பிறகு குதிர்களின் மூடியைத் தாங்களே திறந்து பிள்ளைகளை வெளியே எடுத்தார்கள். ஊசியைக் காட்டினேன். இது சர்க்கார் ஊசி, கன்றுக்குட்டியிடமிருந்து எடுத்த பால், எனக்கும் கோயிலுக்கும் சம்பந்தமில்லை என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். "சர்க்காரு மட்டும் ஆத்தாளுக்கு அப்பாற்பட்டதா?" என்று ஒருவர் கேட்டார். குழந்தைகளின் கைகள் வரிசையாக நீண்டன. நான் சொன்னது எதையும் அவர்கள் காதில் வாங்கவில்லை என்பது உறுத்தியது. ஆனால் கொண்டுபோன குழல்கள் அத்தனையும் அன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தீர்ந்தன. அந்த உறுத்தலோடும் நிம்மதியோடும் வீட்டுக்கு வந்தேன்.

சைக்கிள் விடுவதுதான் கஷ்டமாகிவிட்டது. ஒவ்வொரு ஊரிலும் காலில் தண்ணீர் ஊற்றினார்கள். மிதிகட்டை வழுக்கியது. சைக்கிளுக்கும் சேர்த்து ஊற்றியதால் நனைந்த சக்கரத்தில் பிரேக் பிடிக்கவில்லை. வேப்பிலைக் கொத்துகளை ஹேண்டில்பாரில் கட்டிவிட்டார்கள். அவிழ்த்தால் கட்டியவர்கள் முகம் வாடியது. ஊரைத் தாண்டும்வரை அவிழ்க்காமலே போவேன். மோட்டாருக்கு நான் தெரிய ஆரம்பித்த காலத்தில், இலைக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மோட்டார் தெரியாமல் போயிற்று.

அப்படி ஒரு நாள் வேப்பிலையோடு சாலையில் ஏறினேன். எதிரே மோட்டார் சத்தம் கேட்டது. இலைகளை ஒரு கையால் விலக்கிப் பார்த்தேன். வண்டி வழக்கம்போல ஒதுங்கித்தான் வந்தது. அந்த வாரம் டிரைவரின் மகளுக்கு அம்மை போட்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. என்னை நெருங்கியதும் அவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிக் கண்ணை மூடிக் கும்பிட்டார். மோட்டார் சிறிது தூரம் யோசித்துக்கொண்டே போவதுபோல் போய், வாய்க்காலுக்குள் இறங்கியது.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். யாருக்கும் அடி இல்லை. பின் ஸீட்டில் முதலாளி இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, என்ன காரியம்டா பண்ணுன?"

"கும்புட்டேன் முதலாளி."

"அவரு அம்மை குத்துறவருன்னு ஒனக்குத் தெரியாது?"

"தெரியும் முதலாளி. நம்ம வண்டியே ரெண்டு தடவ இடிச்சிருக்கே."

"பெறகு எதுக்குடா கும்புட்ட?"

"வீட்ல புள்ள படுத்திருக்கு. மஞ்சளும் வேப்பலையுமா எதுக்க வந்தாக. கை தானா மேல போயிருச்சு."

முதலாளிக்கு அதற்குமேல் திட்ட மனம் வரவில்லை. "இனிமே ஒத்தக் கையால கும்புடு" என்றார். பக்கத்து வயலில் உழுதுகொண்டிருந்த மாடுகளை ஓட்டிவந்து கயிறு கட்டி மோட்டாரை இழுத்தோம். மஞ்சள் சட்டையோடு நானும் இழுப்பதைப் பார்த்து, போகிறவர்கள் எல்லாம் வந்து கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர்களில் யாரும் இழுக்கவில்லை.

விஷயம் என் மேலதிகாரியின் காதுக்கு எட்டி, அவர் நேரில் வந்தார். சர்க்கார் ஊழியன் சாமியார் வேஷத்தில் திரியக் கூடாது என்றார். காக்கி போட்டால் மோட்டார் இடிக்கிறது என்றேன். வெகுநேரம் யோசித்து ஒரு உத்தரவு போட்டார். சாலையில் மஞ்சள், ஊருக்குள் காக்கி.

அதன்படி ஊர் எல்லையில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய்ச் சட்டை மாற்றிக்கொண்டேன். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு, மரத்தின் ஒரு பக்கம் சாமியார் போனதும் மறுபக்கம் சர்க்கார் ஆள் வந்ததும்தான் தெரிந்தது. சாமியாரைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டேன் என்று சிலர் கம்போடு வந்தார்கள். மரத்துக்குப் பின்னால் அழைத்துப் போய்ச் சட்டையைக் காட்டினேன். சட்டை மட்டும் கிடப்பதைப் பார்த்து இன்னும் பயந்தார்கள். அந்த மாதம் ஒரு குழந்தைக்கும் குத்த முடியவில்லை. அதிகாரி மறுபடி வந்தபோது சட்டையைப் பற்றிப் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஊருக்குள்ளும் மஞ்சளிலேயே போனேன். வேப்பிலையைச் சைக்கிளின் பின்பக்கம் கட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

டிரைவரின் மகள் பிழைத்துக்கொண்டாள். இளைய பிள்ளைகளுக்கு அவர் வீட்டுக்கே போய்க் குத்திவிட்டு வந்தேன்.

பிறகு யுத்தம் வந்து பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்தது. மோட்டார் கொட்டகைக்குள் போயிற்று. இனி சாலையில் எனக்குப் பயமில்லை என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் முதலாளி ஒரு சைக்கிள் வாங்கினார்.

காலை வேளை, கம்பம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. பஸ் இல்லை, வண்டி மாடு இல்லை. எதிரே முதலாளி சைக்கிளில் வந்தார். டிரைவர் பின்னால் ஸீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவர், மூச்சு வாங்கிப் பிடியை விட்டுவிட்டார். நான் இடது ஓரம் போனேன். முதலாளியும் அந்த ஓரத்துக்கே வந்தார். வலப்பக்கம் திருப்பினேன். அவரும் திரும்பினார். அவர் கண் என் சட்டையை விட்டு அசையவில்லை. நின்றுவிடலாம் என்று நின்றேன். நேராக வந்து என்மேல் மோதினார்.

இரண்டு சைக்கிளுக்கும் அடியில் கிடந்தோம். என் வலது மணிக்கட்டு முறிந்திருந்தது.

"முதலாளி, நான் கண்ணுக்குத் தெரியலையா?"

"நீங்க மட்டுந்தான் தெரிஞ்சீக. வேற ஒண்ணுமே தெரியல. அதான் நேரா வந்துட்டேன்" என்றார். பாவமாக இருந்தது.

எலும்பு கூடும்வரை தன்னுடைய வில்வண்டியைத் தினமும் எனக்காக அனுப்பினார். ஓட்டிவந்தவர் அதே டிரைவர்தான். அவருக்கு மாடு ஓட்டத் தெரியாது. மாடுகளுக்கு வழி தெரிந்திருந்ததால் குறையில்லை. இடது கையால் ஊசி போட்டேன். குழந்தைகள் கொஞ்சம் கூடுதலாக அழுதன. மற்றபடி அந்த மாதங்களில் என்னை எதுவும் இடிக்கவில்லை.