எல்மாரின் கடைசிப் பகுதி

எஸ்தோனியா என்றொரு நாடு இருப்பதே, மெல்போர்னின் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் எல்மாரோடு வேலை செய்யும்வரை சிவபாலனுக்குத் தெரியாது. யாழ்ப்பாணம் எங்கே இருக்கிறது என்று எல்மாரும் கேட்டவர்தான். ஆக, இருவரும் சரிக்குச் சமம்.

மனுசன் இசையமைப்பாளர். சும்மா முணுமுணுக்கிற ஆள் இல்லை, தாலின் நகரில் முறையாகப் படித்தவர். போர்க்காலத்தில் படகேறித் தப்பி, ஜெர்மனியில் அகதி முகாமில் கிடந்து, மெல்போர்ன் வந்து, இரும்பு கடையும் லேத் இயந்திரம் ஓட்டினார். சாப்பாட்டு இடைவேளையில் இசை எழுதினார். அதைக் கேட்ட ஓர் ஆஸ்திரேலிய வானொலிக்காரர், "இது எங்கள் நாட்டு இசை இல்லை" என்றார். எஸ்தோனியர் சங்கத்திலோ, "எங்களுடையது மாதிரியும் இல்லையே" என்றார்கள். ஆனாலும் பாவம் பார்த்து ஆண்டு விழாவில் அவருடைய ஒரு பாடலைப் பாடினார்கள்.

வினையே அதில்தான். பாடலுக்குள் எல்மார் ஒரு நீண்ட மௌனம் வைத்திருந்தார். அதற்குப் பிறகு வரும் சின்னக் கடைசிப் பகுதி, படகில் இடமில்லாமல் கரையில் விட்டுவந்த தங்கை லைடாவுக்காக எழுதியது. மௌனம் வந்ததுமே பாட்டு முடிந்ததென்று சபை படபடவென்று கைதட்டும். குசினியிலிருந்து ஏலக்காய் ரொட்டி மணக்கும், கதிரைகள் இழுபடும். பாடகர்களும் மனிதர்கள்தானே, அவர்களும் இறங்கிவிடுவார்கள். இருபது வருஷமாக லைடாவின் பகுதியை ஓர் ஈ காக்கைகூடக் கேட்டதில்லை!

"ஒரேயொரு தடவை அவர்கள் கேட்டால் போதும்" என்றார் எல்மார், 1976ஆம் ஆண்டின் விழாவுக்கு முன். கண் கலங்கியிருந்தது.

"மௌனத்தை எடுத்துவிட்டால் என்ன?" என்று சிவபாலன் கேட்டார். எல்மார் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது. கடைசியில், யாரும் ரொட்டிக்கு எழும்பிப் போகாதபடி சிவபாலன் குசினி வாசலை மறித்து நிற்பதென்று முடிவாயிற்று.

"பாட்டுக் கேக்கப் போறியளோ, காவலுக்குப் போறியளோ?" என்றாள் மனைவி ரஞ்சினி.

"ரெண்டுக்கும்தான். என்ர குளிர் கோட்டை எடுத்துத் தாரும்."

சங்கத் தலைவர் மேடையேறி, முடியும்வரை யாரும் தட்டக்கூடாது, எழும்பக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். எல்மார் முன்னால் நின்று கையசைத்து நடத்த, பாடல் தொடங்கியது, மௌனமும் வந்தது. ஒருவரும் அசையவில்லை. சிவபாலனுக்குத்தான் வியர்த்தது. பிறகு லைடாவின் பகுதி மெல்ல எழுந்து, மெல்ல ஓய்ந்தது. எல்மார் கையை இறக்கினார்.

யாரும் தட்டவில்லை! இதுவும் மௌனமாக்கும், இன்னும் வரும் என்று சபை பணிவோடு காத்திருந்தது. ஐயோ, இதற்குத்தானா இந்த மனுசன் இத்தனை வருஷம் பாடுபட்டது என்று சிவபாலன் நினைத்தார். தானாவது தட்டலாமென்றால், முடிந்துவிட்டதா என்று அவருக்கும் நிச்சயமில்லை.

எல்மார் திரும்பிச் சபையைப் பார்த்தார். சிரித்தார். மறுபடியும் கையைத் தூக்கினார். பாடகர்கள் திகைத்துப்போய்க் கடைசிப் பகுதியை மீண்டும் பாடினார்கள். இந்த முறை முன்வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார், பிறகு பின்வரிசையில் இன்னொருவர். அவர்களும் கரையில் ஆட்களை விட்டுவந்தவர்கள்தானே.

எல்லாம் முடிந்து எல்மார் வாசலுக்கு வந்தார்.

"முதல்தரமே நான் தட்டியிருக்க வேண்டும்" என்றார் சிவபாலன்.

"நல்லவேளை தட்டவில்லை. தட்டியிருந்தால் லைடா ஒருதரம்தான் வந்திருப்பாள்."