வெடிக்காத கரிசல்

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை, ஆவணி இருபத்தேழு. காலை ஆறு மணி நாற்பது நிமிடம். கிழக்கே மூடாக்கு. மேல்காற்று ஓய்ந்து, துளி விழாமல், கழுத்தோரம் வேர்வை கசகசத்தது. மதுரையில் மகள் வீட்டில் தங்கிக் கண் ஆபரேஷன் முடித்து இருபத்திரண்டு நாள் கழித்து ஊர் திரும்பியிருந்தேன். கோவில்பட்டி பஸ் எங்கள் ஊர் விலக்கில் நின்றதும் மனைவியைப் பைகளோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு நான் நேரே காட்டுக்கு நடந்தேன். ஊருக்குப் போகிற ரோட்டை ஒட்டித்தான் என் காடு, அதாவது மானாவாரி நிலம், இருக்கிறது. ஒன்றே முக்கால் ஏக்கர்.

அங்கே ஒரு செடி இல்லை.

புதுக் கண்ணில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். தரை சப்பாத்திக் கட்டை உருட்டியதுபோல் மட்டமாகக் கிடந்தது. ஜேசிபி டயர் தடம் குறுக்கும் நெடுக்குமாக ஓடியது. ரோட்டோரமாகப் புது வரப்பு ஒன்று எழும்பியிருந்தது. மூலையில் ஏழு சாம்பல் குவியல்கள். ஒன்றில் கையை விட்டேன். உள்ளே சூடு இன்னும் இருந்தது.

எரிந்தது நான் விதைத்த கொளுஞ்சிச் செடி. எரிந்தது என் மூன்று வருடம்.

முன்கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கோபம் யாருக்கும் விளங்காது. நான் நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவன். வெளி மாவட்டத்தில் இருந்தபோது பக்கத்துக் காட்டில் காற்றாலை நட வந்தார்கள். கிரேன் நிற்கவும் இறக்கைகளை இறக்கி வைக்கவும் இடம் வேண்டுமென்று கேட்டார்கள். என் நிலத்தையும் பார்த்துக்கொண்டிருந்த தம்பி தலையாட்டிவிட்டான். எனக்கு விஷயம் தெரிந்தபோது சரள் கல் கொட்டி, ரோலர் ஓட்டி, கிரேன் நின்று, கிரேனும் போயிருந்தது. போகும்போது சரளை அள்ளித் தருவதாகச் சொன்னவர்கள் பாதியை அள்ளினார்கள். மீதி கரிசலோடு சேர்ந்து இறுகி, தார் ஊற்றாத ரோடாகிவிட்டது.

கரிசல் மண் என்றால் சித்திரை வெயிலில் வெடிக்க வேண்டும். குறுக்கும் நெடுக்குமாகப் பாளம் பாளமாகப் பிளந்து, மழை வந்ததும் அந்தப் பிளவு வழியாக அடிவரை தண்ணீர் குடிக்க வேண்டும். வெடிக்காத கரிசல் செத்த கரிசல். நான் ஓய்வு பெற்று வந்து பார்த்த முதல் சித்திரையில் சுற்றியுள்ள காடெல்லாம் வெடித்துக் கிடக்க, என் காடு மட்டும் மொழுமொழுவென்று கிடந்தது. மழை பெய்தால் தட்டில் நிற்பதுபோலத் தண்ணீர் நின்றது. கம்பு விதைத்தேன், முளைத்து மடிந்தது. சணப்பை போடச் சொன்னார்கள், போட்டேன். சாண் உயரத்தில் மஞ்சளாகி நின்றுவிட்டது. ஆழ உழச் சொன்னார்கள். கலப்பை பாறாங்கல் அளவுக்குக் கட்டிகளைப் பெயர்த்துப் போட்டதோடு சரி.

கொளுஞ்சியை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ரயில் தண்டவாளத்து ஓரத்தில், ஜல்லிக்கு நடுவில், ஒரு வைகாசியில் அது ஊதாப் பூவோடு நிற்பதைப் பார்த்தேன். அந்த ஜல்லியில் நிற்கிறது என் சரளில் நிற்காதா? ஒரு செடியைப் பிடுங்கப் பார்த்தேன், வரவில்லை. கடப்பாரை கொண்டுவந்து தோண்டினேன். முழ உயரச் செடிக்கு ஒன்றரை முழம் வேர், அதில் சின்னச் சின்ன முடிச்சுகள். அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அதன் விதைத் தோல் கல்போல இருக்கும். குறுமணலோடு சேர்த்துச் சாக்கில் போட்டுத் தேய்த்து, வெந்நீரில் ஊறவைத்து விதைத்தேன். முதல் வருடம் சொட்டைத் தலையில் மயிர்போல அங்கங்கே முளைத்தது. இடைவெளியில் கொழுக்கட்டைப் புல்லைக் கரணை கரணையாக ஊன்றினேன். சரள் அதிகமாக இருந்த தெற்கு ஓரத்தில் ஆவாரை போட்டேன். இரண்டாம் வருடம் முழங்கால் உயரம். இலை உதிர்ந்து உதிர்ந்து தரைமேல் மூன்று விரல் கனத்துக்குக் கருப்பாக, பொலபொலவென்று ஒரு மண் உண்டாகியிருந்தது.

ஊர் சிரித்தது. டீக்கடை பெஞ்சில் நான் உட்கார்ந்தால் போதும்.

"அண்ணாச்சி, கொளுஞ்சி கிலோ என்ன விலைக்குப் போகுது?"

"அவிய காட்டுக்கு வேலியே வேண்டாம்லே. ஆடுகூட திங்காத வெள்ளாமைலா அது."

ஆடு தின்னாது என்பதற்காகத்தான் விதைத்தேன் என்று பதில் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். இந்த ஊருக்கு வெறும் தரை என்றால்தான் சுத்தம். தன்னால் முளைத்தது எதுவானாலும் களை. மழைக்கு முன்னால் காட்டில் பச்சை தெரிந்தால் அந்த வீட்டு ஆம்பிளை சோம்பேறி. இந்த மூளையோடு இத்தனை தலைமுறையாக மண்ணைச் சுரண்டிச் சுரண்டி வெயிலுக்குக் காட்டியிருக்கிறோம். கேட்டால் விவசாயிகள் என்கிறோம்.

மூன்றாவது சித்திரையில், அதாவது அந்த வருடமே, என் காடு வெடித்தது. செடிகளுக்கு நடுவில் ஒரு பிளவைப் பார்த்து அப்படியே குத்தவைத்துவிட்டேன். அளவுகோலை விட்டேன், ஒன்றே கால் அடி இறங்கியது. அன்று மாலைக்குள் முப்பத்தெட்டு பிளவுகள் எண்ணினேன். மனைவியைக் கூட்டிவந்து காட்டினேன். வெடிப்பைக் காட்டவா இந்த வெயிலில் கூட்டி வந்தீர்கள் என்றாள். இருந்தாலும் அவளும் குனிந்து ஒன்றில் கையை விட்டுப் பார்த்தாள்.

புரட்டாசிக் கடைசியில் கொளுஞ்சியைப் பசுந்தாள் உரமாக அப்படியே மடக்கி உழுதுவிட்டு, ஐப்பசி மழைக்கு உளுந்து போடுவது என்று முடிவு செய்திருந்தேன். கிரேன் நின்றதற்குப் பின்னால் அந்த மண்ணில் விழப்போகிற முதல் உளுந்து. எனக்கு எழுபத்து நான்கு வயது. ஒரு வெள்ளாமையாவது அதில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை எதுவும் எனக்கு இல்லை.

அதைத்தான் கரண்டி போட்டு வழித்து வைத்திருந்தான் தம்பி. நான் ஊரில் இல்லாதபோது காட்டுப் பொறுப்பு அவனுக்குத்தான்.

தம்பி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஏணி போட்டுச் சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தலையில் துண்டோடு வந்தான்.

"வந்துட்டீயளாண்ணே? கண்ணு எப்பிடி இருக்கு?"

"நல்லாத் தெரியுது. தெரியாம இருந்திருந்தா நல்லாருந்திருக்கும்."

அவனுக்குப் புரியவில்லை. காட்டைப் பார்த்தீர்களா என்று சந்தோஷமாகக் கேட்டான். அவன் மகனுக்குச் சம்பந்தம் கூடி வந்திருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். புரட்டாசி பிறந்தால் நல்ல காரியத்துக்குக் கிளம்ப மாட்டார்கள், ஆகவே ஆவணியின் கடைசி ஞாயிற்றுக்கிழமையே வருகிறார்கள். வீடு பார்க்க வருகிறவர்களை நிலத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் காட்டுக்குப் போக என் காட்டைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"ரோட்டுல இருந்து பாத்தா ஒங்க காடுதான் மொதல்ல தெரியுது. அது பொதரா கெடந்தா எங்களை என்ன நெனப்பாவ? காடு கரம்புன்னா குடும்பமும் கரம்புன்னுலா நெனப்பாவ."

"யாரைக் கேட்டுலே கை வச்ச?"

"ஒங்களைக் கேட்டா வேண்டாம்பீய. அதான் கேக்கலை."

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் துளி கள்ளம் இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது. முதலில் களைமருந்து அடித்தானாம். செடி சாகவில்லையாம். "சனியன் வாடக்கூட இல்லண்ணே" என்றான். அதற்குப் பிறகுதான் ஜேசிபி. செடியோடு சேர்த்து மேல்மண்ணை வழித்து, மண்ணை ரோட்டோரம் வரப்பாகப் போட்டு, செடியைக் கொளுத்தியிருக்கிறான். கிரேனுக்குத் தலையாட்டியவனும் நீதான், இதைச் செய்தவனும் நீதான், ஒரு நிலத்தை எத்தனை தடவையடா கொல்லுவாய் என்று கேட்டேன். வெள்ளையடித்தவர்கள் மட்டையைக் கீழே வைத்துவிட்டார்கள். தம்பி பெண்டாட்டி உள்ளேயிருந்து வந்து, நல்ல காரியம் நடக்கிற வீட்டில் கொலை பேச்சு எதற்கு அத்தான் என்றாள். வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். போகாமல் இருந்திருப்பேன். பெரியப்பா இல்லாமல் எப்படி என்று மனைவிதான் சட்டையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு காரில் ஒன்பது பேர். பெண்ணின் அப்பா கோவில்பட்டியில் தீப்பெட்டி அட்டை வியாபாரம் செய்கிறவர். மாடியைப் பார்த்தார்கள், குளியலறைக் குழாயைத் திறந்து பார்த்தார்கள், கடம்பூர் போளி சாப்பிட்டார்கள். தம்பி நான் எண்ண எண்ண மூன்று தடவை காட்டைப் பற்றிப் பேச்செடுத்தான். மூன்றாவது தடவை எழுந்தே நின்றுவிட்டான்.

"வாங்க, காட்டை ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்."

"இந்த வெயில்ல எதுக்கு அண்ணாச்சி? மாப்பிள்ளை பெங்களூர்ல இருக்காவ, அவுகளா வந்து உழப்போறாவ? வாரப்பவே கார்ல இருந்து பாத்தோம்லா, வெறுங்காடுதான. சும்மா கெடக்கதுக்கு சோலார்காரன் கேட்டா விட்டுருங்க."

இதைச் சொன்னவர் பெண்ணின் அப்பா. தம்பி என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான். சுவர் நன்றாக வெள்ளையாக இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. மூன்று வருடத்தை வழித்து எறிந்தது ஒரு பார்வைக்காக. அந்தப் பார்வையும் ஓடுகிற காரிலிருந்து விழுந்திருக்கிறது. விழுந்த பார்வைக்கும் அது வெறுங்காடாகத்தான் தெரிந்திருக்கிறது. செடி நின்றிருந்தாலாவது இந்த ஊரில் ஏதோ முளைக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாளே கூலிக்கு ஆள் விட்டு வரப்பு மண்ணைத் திரும்பக் காட்டுக்குள் பரப்பினேன். பிரயோஜனமில்லை என்று தெரிந்துதான் செய்தேன். மூன்று விரல் மண் என்பது மண் மட்டும் அல்ல. வேர், உக்கின இலை, அடியிலிருந்து புழு தள்ளிய உருண்டை எல்லாம் சேர்ந்தது. அதைச் சரளோடு கலக்கிவிட்டால் அள்ளிக் கொட்டி ஒட்டவைக்க முடியாது. ஜேசிபி ஏறியதில் அடியும் பழையபடி இறுகியிருந்தது.

ஐப்பசியில் மழை கிடைத்தது. சுற்றிலும் எல்லாரும் உளுந்தும் மக்காச்சோளமும் போட்டார்கள். என் காட்டில் தண்ணீர் ஐந்து நாள் நின்றது. அதில் காற்றாலை இறக்கை சுற்றுவது தலைகீழாகத் தெரிந்தது. நான் விதைக்கவில்லை. தம்பி குடையோடு வந்து வரப்பில் கொஞ்ச நேரம் நின்றான்.

"அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்ணே."

எழுபத்து நான்கு வயதுக்காரனிடம் அடுத்த வருடத்தைக் காட்டுகிறான். போகும்போது குடையை வைத்துவிட்டுப் போனான். அதையும் நான் தொடவில்லை. அடுத்த நாள் காற்று கொண்டுபோயிருந்தது.

தீபாவளிக்குப் பிறகு ஜேசிபிக்காரர் வீட்டுக்கு வந்தார். ஐந்தரை மணி நேர வாடகை பாக்கி. காடு அண்ணனுடையதுதானே, அவர் தருவார் என்று தம்பி சொல்லியிருக்கிறான். மருந்துக் கடைப் பாக்கியும் அதே வழியாக வந்தது. என் காட்டைக் கொன்றதற்கு என்னிடமே கூலி. நான் கத்தினேன். ஜேசிபிக்காரர் பாவம், வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அவர் மேல் என்ன குற்றம் இருக்கிறது? தையில் கல்யாணம், வாடகைக்காரர் மண்டபத்தில் வந்து நிற்கக்கூடாது என்று மனைவி சொன்னாள். கொடுத்தேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பெண் நல்ல பெண். என் காலில் விழுந்து கும்பிட்டபோது, பெரிய மாமா, உங்கள் காட்டில் என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். அந்த வீட்டிலிருந்து காட்டைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

கரண்ட் கம்பத்தின் இழுவைக் கம்பிக்கு அடியில் ஜேசிபி வாளி நுழையவில்லை. அங்கே அறுபத்து மூன்று தூர் கொளுஞ்சி தப்பியிருந்தது. மாசியில் நெற்று காய்ந்து வெடிப்பதற்குள் பறித்து உதிர்த்தேன். ஒரு படிக்குச் சற்றுக் குறைவு. ஒன்றே முக்கால் ஏக்கருக்குப் பத்துப் படி வேண்டும். மீதியை மறுபடியும் தண்டவாளத்து ஓரத்தில்தான் பொறுக்க வேண்டும். பொறுக்குகிறேன். வெளியூர் போகும்போது இனிமேல் காட்டில் ஒரு தகரப் பலகை நிற்கும். இது களை அல்ல என்று எழுதச் சொல்லியிருக்கிறேன்.

பலகைக்கு இன்னும் பணம் கொடுக்கவில்லை. கொடுத்ததை மட்டும் கூட்டுகிறேன். மூன்று வருட உழவு, விதை, கூலி பதினெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. களைமருந்து எண்ணூற்று நாற்பது. ஜேசிபி ஆறாயிரத்து அறுநூறு. மண்ணைத் திரும்பப் பரப்பிய கூலி நாலாயிரம். கல்யாண மொய் ஐயாயிரத்து ஒன்று. மொய்யை இதில் சேர்க்கக் கூடாது என்கிறாள் மனைவி. சேர்த்திருக்கிறேன். ஆக மொத்தம் முப்பத்து நான்காயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று ஒன்று.