கடைசி வரிசையிலிருந்து ஓர் ஆட்சேபம்

செபமாலை அண்ணை போய்விட்டார் என்று அவர் மனைவி றீற்றா அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் கனடாவின் லவால் நகரத்துக் கடையொன்றில் பனிச்சப்பாத்து பார்த்துக்கொண்டிருந்தேன். “இவர் விடிய எழும்பேல்லை, தம்பி” என்றார், கணவர் ஏதோ கூட்டத்துக்குப் பிந்திவிட்டதுபோல. கண்ணாடிக்கு வெளியே சத்தமில்லாமல் பனி கொட்டியது. வெகுநேரம் ஒற்றைச் சப்பாத்தோடு நின்றேன்.

நம் தேவாலயப் பங்கின் கூட்டங்களுக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரியாமலிருக்க வழியில்லை. வரவேற்புரை எப்போதும் ‘இந்த நாடு எங்களுக்கு உரிமை தந்தது’ என்றுதான் தொடங்கும். உடனே கடைசி வரிசையில் ஒரு கதிரை கிறீச்சிடும், அண்ணை எழும்புவார். “தரேல்லை. அது எங்களிட்டை முதலே இருந்தது. இவையள் பறிக்கேல்லை, அவ்வளவுதான்.” றீற்றா அக்கா அவருடைய கோட்டைப் பிடித்து இழுப்பார்: “இருங்கோப்பா, சாப்பாடு ஆறுது.”

உரிமை மனிதனோடு பிறப்பது, அதைக் காக்கத்தான் அரசு, காக்காத அரசை மாற்றலாம் என்ற பழைய தத்துவத்தைச் சுதந்திரப் பிரகடனமாக எழுதிவைத்தே ஒரு நாட்டைத் தொடங்கிய அமெரிக்கர்கள்மேல் அவருக்குத் தீராக் காதல். அவர்கள் அடிமைகளை வைத்திருந்தவர்களாயிற்றே என்று ஒருமுறை குத்திக்காட்டினேன். “ஓம், எழுதினவை வச்சிருந்தவைதான். ஆனா அந்த அடிமையளும் அதை வாசிச்சுப்போட்டினமே” என்றார்.

அந்தப் பிரகடனம் பிறந்த மண்டபத்தைப் பார்க்க ஒரு மாரிக் குளிரில் இருவரும் காரில் புறப்பட்டோம். எங்கும் மூடுபனி. கனடா எங்கே முடிகிறதென்று வயல்களுக்குத் தெரியவில்லை. எல்லை அதிகாரிக்குத் தெரிந்திருந்தது. பயணத்தின் நோக்கம் கேட்டார். மனிதர் சமமாகப் பிறக்கிறார்கள் என்று எழுதிய இடத்தைப் பார்க்க என்றார் அண்ணை. அதிகாரி விசா கேட்டார். பிறப்போடு வந்ததற்கு விண்ணப்பிக்கமாட்டேன் என்று கனடியக் குடியுரிமையை மறுத்து, இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டோடு இருந்தவருக்கு அது தேவை என்பதை இரண்டு படித்தவர்களும் மறந்துபோனோம். எல்லையிலிருந்தே திரும்பும் வழியில், வெண்மைக்குள் கார் மிதப்பதுபோலிருக்க, அண்ணை சொன்னார்: “உரிமை பிறக்கேக்கையே வருது. விசா பேந்துதான் வரும்போல.”

அது வரவேயில்லை.

அடக்கத் திருப்பலிக்குப் பின் மருமகன் பேசினார். நல்ல பிள்ளை. ‘இந்த நாடு மாமாவுக்கு எல்லா உரிமையும் தந்தது’ என்றவர், தன்னை அறியாமலே நிறுத்தினார். கோயில் முழுவதும் காத்திருந்தது. கடைசி வரிசை அசையவில்லை. நான் எழும்ப நினைத்தேன், ஆனால் பாட்டுப்புத்தகத்தைப் புரட்டினேன். முன்வரிசையில் றீற்றா அக்கா, பெட்டியிலிருந்து கண்ணெடுக்காமல், மெல்லச் சொன்னார்: “தரேல்லை, தம்பி. அது அவரிட்டை முதலே இருந்தது.”

யாரும் அவருடைய கோட்டைப் பிடித்து இழுக்கவில்லை.

அண்ணையின் நினைவாக நான் வைத்துக்கொள்வது அந்த மூடுபனியையும் கடைசி வரிசைக் கதிரையையும். கதிரையை அவர் எனக்குத் தரவில்லை. அது முதலே அங்கே இருந்தது. நான்தான் போய் அதில் இருக்கவில்லை.