தேவாலயத்தின் பின்பக்கச் சந்து

இத்தாலிக்குச் சுற்றுலா போயிருக்கும் மகள் நேற்று ஒரு படம் அனுப்பி, "அப்பா, இஸ் திஸ் யுவர் டவுன்?" என்று கேட்டிருந்தாள். என் ஊர் ஈரோடு. அவள் கேட்டது நான் கதைகதையாகச் சொல்லியிருந்த இத்தாலியக் குன்று ஊரை; அங்கே நான் கால் வைத்ததே இல்லை. ஆனாலும் பார்த்ததுமே தெரிந்துவிட்டது: கருப்பும் வெள்ளையுமாக வரியோடும் பளிங்குத் தேவாலயம், இடப்புறம் குதிரை கட்டும் இரும்பு வளையங்களோடு அரண்மனை, நடுவே கிணற்றுடன் சதுக்கம்.

கூடவே, ஸ்கேனர் சூடாகும்போது வரும் பிளாஸ்டிக் வாடையும் மூக்கில் ஏறியது. தொண்ணூறுகளின் நடுவில் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் குடியிருந்தோம். நான் வேலை பார்த்த சின்னக் கம்பெனி, ஒரு பயண நிறுவனத்துக்காக அந்த ஊரின் புகைப்படங்களை ஸ்கேன் செய்து சிடியில் அடைத்துக்கொண்டிருந்தது. மௌஸை அழுத்தினால் ஒரு புகைப்படத்திலிருந்து அடுத்ததற்கு நடந்து போகலாம். எந்தப் படத்துக்குப் பின் எது என்று வழி போட்டவன் நான். வாடிக்கையாளர் ஒப்புக்கொண்டால்தான் என் விசா நீட்டிப்புக்குக் கம்பெனி விண்ணப்பிக்கும். சூட்கேஸில் அடங்காத எதையும் வாங்க மனைவி வசந்தி விடமாட்டாள். "எக்ஸ்டென்ஷனுக்கு ஒரு வழி தெரியட்டும்ங்க, அப்புறம் கட்டில் வாங்கலாம்." தரையில் மெத்தை. படுத்தேனே தவிர, தூங்கியதாக நினைவில்லை.

வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுவதற்கு முதல் நாள், பக்கத்து மேசை பாலா ஓட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"டேய், வாசல்ல நிக்க வெச்சு, லெஃப்ட்ல திருப்பி, முழுசா ஒரு சுத்து சுத்தவிட்டுத்தான் உள்ள விடுறே. பிரதட்சிணமாடா இது? உண்டியல் எங்க வெச்சிருக்கே?"

கோயிலென்றால் வேறெப்படிப் போவதாம்?

"மாத்திடலாமா?"

"இப்ப கை வெச்சா எல்லா லிங்க்கும் புட்டுக்கும். சாமியக் கும்பிட்டுக்கோ."

மறுநாள் பயண நிறுவனத்தை நடத்திய அம்மாள் வந்தார். அந்த இத்தாலிய ஊரிலேயே பிறந்தவர். தேவாலயத்தின் பின்பக்கம் வந்ததும் மௌஸிலிருந்து கையை எடுத்துவிட்டார். குறுகிய சந்து, காயும் போர்வைகள், படியில் பட்டாணி உரிக்கும் இரண்டு பெண்கள். இங்கே எதற்கு வந்தோம் என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பக்கம் கோயிலைச் சுற்றி வந்துதான் உள்ளே போவோம் என்று உளறினேன். அவர் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். இதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்க மாட்டார்கள், நேராக உள்ளே விடுங்கள், மற்றதெல்லாம் சரி என்றார்.

மற்றதெல்லாம் சரி! சந்தின் படங்களை அன்றே நீக்கினேன். சாயங்காலம் வசந்தியும் நானும் கட்டில் வாங்கிக் காரின் தலையில் கட்டிக்கொண்டு வந்தோம். விசாவும் வந்தது.

கம்பெனி பிற்பாடு மூடிவிட்டது. அந்த சிடியைப் போட்டுப் பார்க்க இன்று வீட்டில் ஒரு கருவியும் இல்லை. இருந்தால் தேவாலயம் தெரியும், அரண்மனை தெரியும், சதுக்கம் தெரியும். பட்டாணி உரித்த அந்தப் பெண்கள் மட்டும் அதிலும் இருக்கமாட்டார்கள்.